மூன்றாம் வேகம்

கடைப்பெண் ஒரு மரப்பலகையைத் தூக்கிக் காட்டினாள்,
மாவு தேய்க்கிற பலகை அளவு.
பொத்தானை அழுத்தினாள்.
பலகை அவள் கையை விட்டுப் போய்
சிம்னியின் வாயில் ஒட்டிக்கொண்டது.
"பார்த்தீங்களா அண்ணா, நிமிஷத்துக்கு இருபத்திரண்டு கன மீட்டர்."
பார்த்தேன்.
எங்கள் வீட்டில் யாரும் பலகை வதக்குவதில்லை.

யுன்ஃபாங் சிரிக்கவில்லை.
பத்து வருஷமாகக் கேட்கிறாள் இதை.
மிளகாய்த்தூள் மேல் காய்ந்த எண்ணெயை ஊற்றும் நொடி
நான் பால்கனிக்கு ஓடுவேன்,
எதிர்வீட்டு ஷாவ் இருமிக்கொண்டே கதவைச் சாத்துவார்,
அவள் மட்டும் கண்ணை இடுக்கி நிற்பாள்
கிண்ணத்தில் நுரை அடங்கும்வரை.
சன்னல் ஓட்டையில் செருகிய பழைய மின்விசிறி
புகையை வெளியே அனுப்புவதாகப் பேர்.
அதன் இறக்கையில் பழுப்பாய் ஒரு சொட்டு
தொங்கும், விழாது, தொங்கும்,
விருந்தாளி வரும் நாளில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை. சீஆனின் கிழக்குப் புறநகர்.
நான்காம் மாடியில் ஒரே சுவரில் முப்பத்தாறு சிம்னிகள்,
எதுவும் வேகாத அடுப்புகளுக்கு மேலே.
சாய்ந்த கண்ணாடி வைத்தது, நெற்றி இடிக்காது.
தொப்பி மாதிரி கவிழ்ந்தது, எனக்கு இடிக்கும்.
கையை ஆட்டினால் ஓடுவது.
தன்னைத் தானே வெந்நீரில் கழுவிக்கொள்வது.
"அப்புறம் என்ன, அதுவே சமைச்சிடுமா?" என்றாள் யுன்ஃபாங்.
ஒவ்வொன்றின் அடியிலும் விரலை விட்டுப் பார்த்தாள்:
எண்ணெய்க் கிண்ணி கழலுமா,
மூலைக்குள் துணி போகுமா.
நான் விலைச்சீட்டுகளைப் பார்த்தேன்.
ஆறாயிரத்து நானூறு யுவான்.
என் சட்டைப்பையில் தொழிற்சாலைக் கடிதம்,
நாலாய் மடித்தது, பத்தொன்பது நாள் பழையது.

பத்தொன்பது நாளாய்க் காலை ஏழு மணிக்கு
சாப்பாட்டுப் பெட்டியோடு மாடி இறங்கி
சான் ஆற்றங்கரையில் போய் உட்காருகிறேன்.
பேரிங் ஆலையில் எனக்குக் காதுதான் வேலை.
சுழல விட்டுக் கேட்பேன்,
இது தேறும், இது தேறாது என்பேன்.
இப்போது அதை ஒரு பெட்டி சொல்கிறது.
காதில்லாத பெட்டி.

"சத்தத்தைக் கேட்டுத்தான் வாங்கணும்" என்றேன்,
விலையைப் பற்றிப் பேசாமலிருக்க.
முதல் வேகம்: அடுத்த அறையில் யாரோ மாவு சலிக்கிறார்கள்.
இரண்டாவது: தகரத்தில் மழை.
மூன்றாவதற்கு முன்னால் யுன்ஃபாங் கை நீட்டி நிறுத்தினாள்.
"இது ஓடும்போது ஏதாவது பேசுங்க.
சமைக்கிறப்ப கேட்குமான்னு பார்க்கிறேன்."
ஐந்தடி தள்ளிப் போய் நின்றாள்,
என் பக்கம் திரும்பி.

அந்த இரைச்சலில்
வேறெதுவும் வாயில் வரவில்லை.
சொன்னேன்.
கடிதத்தில் இருந்த வரிசையிலேயே சொன்னேன்:
தேதி, காரணம், தொகை.
ஆற்றங்கரையையும் சொன்னேன், கடிதத்தில் அது இல்லை.
வாத்துகள் என்னைப் பழகிவிட்டதையும்.

சத்தம் நின்றது.
"கேட்டதா அக்கா?"
"ஒண்ணும் கேட்கலை" என்றாள் யுன்ஃபாங்.

பிறகு கடைசி வரிசைக்கு நடந்தாள்.
கண்ணாடி இல்லை, சைகை இல்லை,
காட்சிக்கு வைத்ததில் ஒரு மூலை நசுங்கியிருந்தது.
ஆயிரத்து நூறு.
"இதுல விளக்கு நல்லா இருக்கு."
கடைப்பெண் சோர்வோடு பலகையைக் கொண்டுவந்தாள்.
ஒட்டியது.
பிறகு மெல்லச் சரிந்தது, யுன்ஃபாங் பிடித்துக்கொண்டாள்.
"போதும்" என்றாள்.

பேருந்தில் பெட்டி இடைவழியை அடைத்தது.
ஏறுகிறவர்கள் எல்லாம் அதைத் திட்டினார்கள், பிறகு என்னை.
நூற்பாலை நிறுத்தம் வந்தது.
ஆலை இல்லை, பெயர் மட்டும் பலகையில்.
பதினான்கு வருஷம் அங்கே தறிகளுக்கு நடுவே நின்றவள் அவள்.
நானூறு தறி ஓடுகிற கூடத்தில்
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
பெண்கள் நாளெல்லாம் கதை பேசுவார்கள் என்று
கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள்.
எப்படி என்று நான் கேட்டதில்லை.

"துளை போட ஆள் கூப்பிட வேண்டாம்" என்றாள்,
சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.
"நாளைக்கு நீங்களே மாட்டிடுங்க."

நாளை திங்கட்கிழமை.