சொட்டாத கூடை

பண்ருட்டி வண்டி. நான்தான் கண்டக்டர்.
மூன்று முறை விசில் ஊதி
நெல்லிக்குப்பத்துக்கு முன்பே இறக்கிவிட்டேன்
அஞ்சலாட்சியை.
யாரோ ஒருவரின் கல்யாண வேட்டியில் மீன்தண்ணி.

அவள் திட்டவில்லை.
கூடையின் அடியையே பார்த்துக்கொண்டு
ரோட்டோரம் நின்றாள்.

பிறகு சிங்காரத்தோப்பில்
பழைய காதுகுத்து பேனரைக் கிழித்து
இஸ்திரிப்பெட்டியால் ஒட்டினாளாம்.
முதலாவது பொசுங்கிவிட்டது.
இரண்டாவதும்.
ஐந்தாவதில் நின்றது தண்ணீர்.

இன்று என் வண்டியில் ஏழு கூடை,
ஏழும் அவள் தைத்த உறையோடு.
உள்ளே, ஐஸுக்கு அடியில்,
மொட்டைத்தலைக் குழந்தை சிரிக்கிறது.
ஒன்று நூற்றிருபது. கடன் கிடையாது.

துறைமுகத்தில் பார்த்தால்
"விசிலுக்குப் பங்கு வேணுமாண்ணே?" என்பாள்.
சிரிப்பு முடிவதற்குள்
விரல் ஒரு மூலைக்குப் போய்விடும்:

"இங்க மட்டும் இன்னும் கசியுது."