எட்டு நிமிடத் தாமதம்

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
டுவேன் ஸ்குபிட்ஸ் வீட்டு நிலவறையில்
1957 அக்டோபர், காலை ஆறு மணி.
பனி பூட்ஸைப் படிக்கட்டடியில் கழற்றிவிட்டு
காலுறையோடு இறங்கினேன்
அந்த வருடத்துக்குள்.

இடுப்பளவு உயரத்தில் சுரங்கம், துறைமுகம், ஏரி.
சாயம் தோய்த்த பஞ்சில் இலையுதிர்காலம்.
சுவர்க் கடிகாரத்துக்கு மட்டும் அவசரம்:
நம் ஒரு நிமிடம் அதற்கு நான்கு.
பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ் இங்கே யார்டு மாஸ்டர்.
மூங்கில் குச்சியால் கொக்கியை நெம்பிப்
பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்,
காதில் செருகிய இன்னொரு குச்சியோடு.

ஒரு ரயிலையும் பார்க்க முடியாத ஆள் ஒருவர்தான்.
சலவை இயந்திரத்தின் மேல் தாளை விரித்து
தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
டிஸ்பாட்சர், டாக்டர் லிண்ட்வால்.
என் கடைவாய்ப் பற்கள் இரண்டு அவரிடம் போயின.

"உனக்கென்ன, நிஜ ரயில் ஓட்டுகிறவன்"
என்று 84-ஆம் எண் கூட்ஸைக் கொடுத்தார்கள்.
ஏழு பெட்டி, ஒரு கார்டு வேன்.
பெட்டிக்கொரு சீட்டு:
இது காகித ஆலைக்கு.
இது ஐஸ் கிடங்குக்கு.
இதை எங்கும் விடாதே, திரும்பக் கொண்டுவா.

நேற்றிரவு என் இடது கையில்
நூற்றுப் பதினாறு பெட்டி இரும்புத்தாது.
நிற்க ஒரு மைல் கேட்கும் அது.
இது விரல் தடவினால் நின்றுவிடுகிறது.
பழக்கதோஷம்; முன்கூட்டியே பிரேக் போட்டேன்.
ஸ்டேஷன் வராமலே வயல் நடுவில் நின்று
என்ன என்பதுபோல் பார்த்தது.
பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

ஐஸ் கிடங்கின் பெட்டியைக் காகித ஆலையில் விட்டேன்.
கிளைத்தடத்தைத் திருப்பி வைக்காமல் கிளம்பினேன்.
"ஹாபலா, எங்கே இருக்கிறாய்?"
நாற்காலியைச் சாய்த்து
வலித்தால் கையைத் தூக்கு என்பாரே,
அதே குரல்.

மைல் முப்பத்தொன்று. குறுக்குச் சாலை.
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சிவப்பு பிக்கப்,
முன்சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும்
ஒரு நூல் இடைவெளி.
பசை போட்டு ஒட்டியது. ஏறவும் செய்யாது, விலகவும் செய்யாது.
எனக்குத் தெரியும்.
கட்டைவிரலுக்குத் தெரியவில்லை.
ஊதினேன். நீளம், நீளம், குட்டை, நீளம்.
மறுபடி.
கார்டு வேன் தாண்டிப் போன பிறகும்
மறுபடி.

அறையில் மற்ற ரயில்கள் நின்றன.
கடிகாரம் நிற்கவில்லை.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
பதினோரு வருடம் ஆகிறது,
சின்ன ஊர்.
அந்தப் பையனின் பல் வரைபடத்தோடு
அன்றிரவு மருத்துவமனைக்குப் போனதும்
லிண்ட்வால்தான்.

ஆலைக்குத் திரும்பிப் பெட்டியை எடுத்து
ஐஸ் கிடங்கில் சேர்த்தேன்.
சீட்டுகளைச் சரிபார்த்தேன், இருமுறை.
துறைமுகத்தில் காபி, யாரோ வைத்த கோப்பை.
பிறகு திரும்பும் பயணம். மைல் முப்பத்தொன்று.

பிக்கப் ஒரு கட்டைவிரல் அகலம்
பின்னால் தள்ளி நின்றது.
பழைய இடத்தில் சாலைமேல்
உலர்ந்த பசை, ஒரு பொட்டு.
டுவேன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
ஒரு மலையின் தூசியை ஊதிக்கொண்டிருந்தான்.
அதில் தூசியே இல்லை.

ரயிலை நிறுத்திவிட்டேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
தொலைபேசிக்குத் தெரிந்திருந்தது.

"எட்டு நிமிடம் தாமதம், ஹாபலா. காரணம்?"

மேலே, பனியில், அது இரண்டே நிமிடம்.

"குறுக்குச் சாலை" என்றேன்.

பென்சில் தாளில் உராய்வது கேட்டது.
"எழுதிக்கொண்டேன்.
மெயின் லைன் உனக்குத்தான்,
வா."