ஒக்டோபர் முப்பது

தலவாக்கலை. காலைக் கூட்டம். மைக் இரைகிறது.
"இன்றைய நாளில்…" வாசிக்கிறாள் ஜெனோஷா,
தரம் பத்து, நனைந்த சப்பாத்து.
யாரோ ஒரு உதைபந்தாட்டக்காரர் பிறந்தாராம்.
பையன்கள் விசிலடித்தார்கள்.

அறுபத்து நான்கில் டில்லியில் ஒப்பந்தம்:
ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே,
மூன்று இலட்சம் இங்கே,
மிச்சம் ஒன்றரை பிறகு பார்க்கலாம்.
ஒரு சத்தமில்லை.
கணக்குப் பாடம் என்று நினைத்திருப்பார்கள்.

கொஸ்லந்தை மண்சரிவு
நேற்றைய தாளோடு கிழிந்துபோனது.

"எங்கள் பள்ளியில் இன்று பிறந்தவர்,
தரம் மூன்று, தனுஜன்!"
டொபிப் பையோடு வருகிறான்.
எண்ணினேன். நாற்பது.
பிள்ளைகள் அறுபத்தொன்று.

"மிச்சப் பேருக்கு, டீச்சர்?"

நான் வாய் திறக்குமுன்
முன்வரிசையில் ஒருத்தி
தாளோடு சேர்த்தே கடித்துப்
பாதியைப் பின்னால் நீட்டினாள்.
எச்சில்தான்.