ஒன்பதா, பத்தா

ஆறு மணிக்குச் சேலத்திலிருந்து போன் வரும்.
"என்ன இருக்கு?"
புருஷோத்தமன் சார் வணக்கம் சொல்வதில்லை.
இருபது தாலுகாவுக்கும் சேர்த்து அவருக்கு ஒரே வாய்.

சட்டைப்பையிலிருந்து அன்றைய நாளை எடுத்துக் கொட்டுவேன்:
ராயக்கோட்டை மண்டியில் தக்காளி
இருபத்தைந்து கிலோ கிரேட் எண்பது ரூபாய்.
"போன வாரமும் அதானே?"
போன வாரம் தொண்ணூறு சார்.
"ரோட்டுல கொட்டினா போட்டோ அனுப்பு."
ரயில்வே கேட் அருகே லாரி சாய்ந்தது.
"யாராவது...?"
இல்லை சார், டிரைவருக்குக் கை மட்டும்.
"ரெண்டு வரி."
பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருடமாகக் கணக்கு வாத்தியார் இல்லை.
அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.
"அது இன்னைக்கு நடந்ததா?"

இன்றைக்கும்தான் நடந்தது என்று சொல்ல
எட்டு வருடமாக எனக்கு நாக்கு எழவில்லை.
மாதக்கடைசியில் பத்திக்கு இவ்வளவு என்று வரும் பணத்தில்
பெட்ரோல் போக மிஞ்சுவது
பெட்ரோல் வாசனை.

யானை என்றால் மட்டும் நிமிர்வார்.
அந்த வியாழன் கொடுத்தேன்:
"ராயக்கோட்டை அருகே ஒன்பது யானைகள் முகாம்.
ராகி வயலை மிதித்தன. உயிர்ச்சேதம் இல்லை."
வந்தது. ஐந்தாம் பக்கம், படத்தோடு.
படத்தில் இருந்தது எங்கள் யானை அல்ல,
ஆபீசிலேயே குடியிருக்கும் ஏதோ பழைய யானை.

மறுநாள் காலை பூசாரிதொட்டியிலிருந்து
பால் கேனோடு வந்த சாக்கம்மா
என் வண்டியை மறித்து நின்றார்.
மிதிபட்டது அவர் ராகிதான்.
நஷ்டஈடு பற்றி என்று நினைத்து நோட்டைத் திறந்தேன்.
"ஒம்பதுன்னு போட்டிருக்கீங்க. பத்து.
பரண் மேல இருந்து ரெண்டு தடவ எண்ணினேன்.
குட்டி ஒண்ணு, ஆத்தாகாரி காலுக்கு நடுவுல."

அவ்வளவுதான். கேனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.
ராகி...? என்று இழுத்தேன்.
"ராகி போச்சு. அது எங்க ஊருக்கே தெரியும்,
தெரிஞ்சத எதுக்கு எழுதணும்?
குட்டி இருந்தா அவ லேசுல எடத்த விடமாட்டா.
விடியக்காலம் நாலு மணிக்கு
பூப்பறிக்க ஓடை வழியா பொண்ணுங்க போவுது."

சேலத்துக்கு அடித்தேன்.
"ஒன்பதோ பத்தோ, வாசகருக்கு என்னய்யா வித்தியாசம்?
உயிர்ச்சேதம்?"
இன்னும் இல்லை சார்.
"அப்ப நாளைக்குப் பார்ப்போம்."

நாளைக்கு.
அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.
அவர் கெட்டவர் இல்லை.
யானைகள், லாரிகள், கிணற்றில் மூழ்கிய பிள்ளைகள்
எல்லாம் அவர் மேசையில் இடத்துக்குச் சண்டை போடும்.
சாக்கம்மாவின் குட்டி
நகைக்கடை விளம்பரத்தோடு மோதி ஜெயிக்காது.

பூசாரிதொட்டி பால் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை.
கொழுப்பு எவ்வளவு, லிட்டர் என்ன விலை,
தீவனம் வந்ததா இல்லையா.
செயலாளர் முனிரெட்டியிடம் சாக்பீஸ் வாங்கி
தீவனம் வரவில்லை என்பதன் கீழே எழுதினேன்:
"யானை பத்து. குட்டி உண்டு. ஓடைவழி வேண்டாம்."
தலைப்பு இல்லை. நமது நிருபர் இல்லை.
பால் ஊற்ற வந்த அறுபத்திரண்டு பேரும்
கேனைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார்கள்.
எழுத்து தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்
தெலுங்கில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
என் வரியின் கீழே வேறொரு கை, பச்சை சாக்பீஸில்:
"ஓடையில் இல்லை. இப்போது புளியந்தோப்பில்."
அதற்கும் கீழே, கோணலாக:
"பத்து இல்லை. பதினொன்று."

சாக்கம்மா இடுப்பில் கை வைத்து
அந்தக் கடைசி வரியை முறைத்துக்கொண்டிருந்தார்.
"யார்ரா இத எழுதினது?
வரச்சொல்லு. எண்ணிக் காட்டட்டும்."