மூன்றாவது

ஆறிக்கொண்டிருக்கும் பீட்சாவோடு
மூன்று குளிர்காலம் அதன் அடியில்தான்
வண்டியை நிறுத்தியிருக்கிறேன்.
வின்னிபெக் நீதிமன்ற வாசல். சிவப்பு இரும்பு,
இரண்டு மாடி உயரம்.
கட்டி முடிக்காத பாலம் என்று நினைத்திருந்தேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், மருத்துவமனைப் பின்வாசலில்
இன்னொன்று. மஞ்சள். குப்புறக் கிடந்தது.
வளையும் இடத்தில் அதே தயக்கம்.
பற்றவைத்த தழும்பை ராவாமல் விட்ட
அதே கை.

"அட, நீயா!" என்றேன், சத்தமாகவே.

கையுறையைக் கழற்றி, பலகையிலிருந்த பனியைச் சுரண்டினேன்:
ஒரிசியா கோவல்சுக். 1974. மூன்றில் இரண்டாவது.

மூன்றாவதைத் தேடி ரயில் யார்டு வரை ஓட்டினேன்.
காங்கிரீட் மேடை.
துருவேறிய நான்கு போல்ட்.

எவ்வளவு உயரம் இருந்திருப்பாய்?
நடுவில் ஏறி நின்றேன்.
போன் அடித்தது: "ஆர்டர் எங்கே?"
அண்ணாந்தபடியே சொன்னேன்:
"இன்னும் இரண்டு நிமிடம்."