நாலு விரற்கடை

சூரமங்கலம் ஆபீசுக்கு
ஒரு ஜவ்வரிசிச் சாக்கில் வந்து சேர்ந்தன
கருங்கல்மேடு ஹால்ட்டின் ஏடுகள்.
கழிக்க வேண்டியவை என்று மேலே சிவப்பு மை.
கழிப்பதற்கு முன் எண்ண வேண்டும்.
எண்ணுவதற்கு முன் திறக்க வேண்டும்.
திறந்ததுதான் நான் செய்த தப்பு.

விருத்தாசலம் போகும் தடத்தில்
வாழப்பாடி தாண்டி
ஒரு புளியமரம், ஒரு தகரக் கூரை,
கொடி செருகி வைக்க ஒரு மூங்கில் குழாய்.
ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது.
கமிஷனுக்கு டிக்கெட் விற்றவர் பொன்னுரங்கம்.
தேதி குத்தும் மெஷினைக் கடைசிவரை அனுப்பவில்லை,
அட்டையில் பேனாவால் எழுதி
மை காய ஊதிக் கொடுத்திருக்கிறார்.
முதல் புகாரே அதுதான்:
"ஊதும்போது வெற்றிலைச் சாறு தெறிக்கிறது."
எழுதத் தெரியாதவர் சொல்ல
எழுதியவரும் பொன்னுரங்கமே.

புகார்ப் புத்தகம் மட்டும் நான்கு.

"ஆடிப் பதினெட்டு. பால் கேன் ரெண்டும் நின்றன.
நானும் நின்றேன். வண்டி நிற்கவில்லை.
சடையாயி, கைநாட்டு."

"எஞ்சின் பொறி பட்டு என் சோளத்தட்டுப் போர் எரிந்தது."
நடவடிக்கை என்ற கட்டத்தில்
மேலதிகாரி யாரோ:
அன்று மேல்காற்று.

"மூன்றாம் பெட்டியில் ஆள் உட்காரும் இடத்தில்
மரவள்ளிக் கிழங்கு மூட்டை.
மூட்டைக்கு டிக்கெட் உண்டா?"
கீழே வேறு மையில்:
உண்டு. கேட்டவருக்குத்தான் இல்லை.

அப்புறம் இந்தப் பக்கம்.
மழை நனைத்து மை பரவிய பக்கம்.
"கடைசிப் பெட்டியில் பிரசவம்.
சுற்றிக்கொள்ளத் துணி இல்லாமல்
கார்டு தன் சிவப்புக் கொடியைக் கொடுத்தார்.
இப்போது கொடியைத் திருப்பிக் கேட்கிறார்கள்.
அது தூளியில் இருக்கிறது."
அந்தக் கொடியைத் துரத்தி
ஆறு வருஷம் கடிதம் போயிருக்கிறது, வந்திருக்கிறது.
முடிவில் கொடி ஒன்று, ரூபாய் நாலு,
பொன்னுரங்கம் கமிஷனில் பிடித்தம்.

பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள்.
பழைய பாதைக்கு அகலம் ஒரு மீட்டர்.
புதுசுக்கு ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைச்சல்.
கழித்தால் அறுநூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர்.
ஆபீஸ் ஸ்கேலை மேஜைமேல்
ரெண்டு முறை வைத்து அளந்தேன்.
மிச்சம் நாலு விரற்கடை.

அவ்வளவு அகலத்தில் என்ன கொள்ளும்?
பால் கேன் கொள்ளும்.
தூளியில் பிள்ளை, குறுக்கே, கொள்ளும்.
கிழங்கு மூட்டையைக் கொஞ்சம் தட்டி அமுக்க வேண்டும்.
ஒரு ஹால்ட் முழுசாகக் கொண்டுவிட்டது.
நீள வண்டிக்கு நீள மேடை வேண்டுமாம்,
மேடை கட்ட வருமானம் வேண்டுமாம்,
வருமானம் வர வண்டி நிற்க வேண்டுமாம்.
கோப்பில் இப்படித்தான் இருக்கிறது,
மூன்று கையெழுத்துடன்.

நாலாவது புத்தகத்தில் கடைசிக் குறிப்பு,
ஹால்ட்டை மூடி ஒன்பது மாதம் கழித்து:
"இன்று சாயங்காலம் புது வண்டி போயிற்று.
நல்ல வேகம். பெட்டிகள் சுத்தம்.
ஜன்னலில் ஒரு பையன் கை காட்டினான்.
புகார் ஒன்றும் இல்லை.
எழுத வேறு புத்தகம் கொடுக்கவில்லை,
அதனால் இதில்."
நடவடிக்கைக் கட்டம் காலி.

சனிக்கிழமை ஆத்தூர் வண்டியில் ஊருக்குப் போனேன்.
அயோத்தியாப்பட்டணத்தில்
இடப்பக்கம் சேர்வராயன் மலை நீலம் கட்டியிருந்தது.
வாழப்பாடி தாண்டியதும்
கதவோரம் வந்து நின்றேன்.
புளியமரத்தை அகலப்படுத்தும்போது வெட்டியிருப்பார்கள்.
மரவள்ளிக் காடு, செங்கல் சூளை, மரவள்ளிக் காடு.
கை காட்டலாம் என்று தூக்கினேன்.
மேடை இருந்தது
தடத்துக்கு வடக்கிலா தெற்கிலா?
நான்கு புத்தகத்தில் ஒன்றிலும் இல்லை.

இது என் புகார்.