கேட்கிற இடத்தில் ஒரு காது

பெர்லின், மோவாபிட். குடியிருப்புப் பதிவு அலுவலகத்துக்கு
எதிர்ச் சாரியில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை.
பகலெல்லாம் ரோஸ்விதா சொல்வது இதுதான்:
சிரிக்காதீர்கள்.
வாயை மூடுங்கள். முடியை ஒதுக்குங்கள்.
உங்கள் பல்வரிசை அரசாங்கத்துக்குத் தேவையில்லை.

மீறிச் சிரித்தவர்கள், கண் சிமிட்டியவர்கள்,
தும்மலுக்கு ஒரு நொடி முன்னால் மாட்டிக்கொண்டவர்கள்,
எல்லாரையும் மாலை ஆறுக்குள் அழித்துவிட வேண்டும்.
அவள் அழிப்பதில்லை.
தப்பென்று தெரியும்.
கோப்புறைக்குப் பெயர், உருளைக்கிழங்கு.

திரைக்கு மேலே பசைநாடாவில் ஓர் அஞ்சலட்டை.
நூறு வருடத்துக்கு முன் இதே ஊரில்
வார இதழ்களைக் கத்தரித்த ஒருத்தியின் படம்.
மீசைக்காரத் தலை, நாட்டியக்காரியின் இடுப்பு,
ஒரு பல்சக்கரம், யாருடையதோ கால்கள்.
டாடா என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டம்.
தமிழில் அது கைக்குழந்தையும் சொல்லும் விடை.
அவர்களும் எதற்கோ கையாட்டிக்கொண்டுதான்
இருந்திருக்கிறார்கள்.

இரவு. மவுஸ் சுருக்குக் கயிறாகிறது.
மூக்கைச் சுற்றி மெல்ல நடந்து
தொடங்கிய புள்ளிக்கே வந்து,
சொடுக்.
கழன்று வருகிறது மூக்கு, ரத்தமில்லாமல்.
அடுக்கு பதினேழு:
சூப்பர்மார்க்கெட் துண்டறிக்கையின் பன்றி இறைச்சி, விலையோடு.
அடுக்கு பதினெட்டு:
தேர்தல் சுவரொட்டியிலிருந்து ஒரு கழுத்துப்பட்டை.
அதன்மேல் மூக்கு.
நுழைவதற்கு இடமா இல்லை அதற்கு?

பிடிக்காவிட்டால் செயல்தவிர்.
மறுபடி செயல்தவிர்.
நாற்பது படி பின்னால் போனால்
மூக்கு தன் முகத்திலேயே
ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருக்கிறது.
இங்கேதான் அவளுக்குக் கூச்சம்.
அஞ்சலட்டைக்காரிக்கு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.
கத்தரி வழுக்கினால்
மீசைக்காரர் தாடை அவ்வளவுதான்.
எனக்கு வெட்டத் தெரியுமா,
நகலெடுக்க மட்டும் தெரியுமா?

ஒரு வெள்ளிக்கிழமை
அடுக்குகளை எல்லாம் ஒன்றாக அழுத்தினாள்.
பெரிய தாளில் அச்சிட்டாள்.
மூலத்தை அழித்தாள்.
உருளைக்கிழங்கையும்.
கை நடுங்கியது. பிடித்திருந்தது.

படத்தைத் தொங்கவிட இடம் கொடுத்தது
காசு போட்டுத் துணி துவைக்கும் கடை, எட்டாம் எண் இயந்திரத்துக்கு மேலே.
மூன்றாம் நாள் ஒருவர் அங்கே நிற்கிறார்.
ஸ்த்ராவ்கோ, லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
கையில் ஈரப் போர்வை.

அந்தக் காது என்னுடையது, என்றார்.
மடலில் வெட்டு தெரிகிறதா? கேபிள் அறுந்த வருடம் பட்டது.

ரோஸ்விதாவுக்கு வாய் எழவில்லை.
வழக்கு, அபராதம், உரிமம், எல்லாம் சுழன்றன
எட்டாம் எண்ணுக்குள்.

குதிகாலில் வைத்திருக்கிறாய்.
அங்கே அதற்கு என்ன கேட்கும்?
மேலே, இந்த வாய்க்குப் பக்கத்தில் வை.
இவள் ஏதோ சொல்ல வருகிறாள், பார்.

அடுக்குகள் இல்லையே, என்றாள்.
எதுவும் இனிமேல் நகராது.

அவருக்கு அது புரியவில்லை.
கல்லாவில் இருந்தவளிடம்
பொத்தான் நூல் வெட்டும் கத்தரி கேட்டு வாங்கி வந்தார்.
தாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்,
தன் காதையே பிடித்துக்கொள்பவர்போல.

அவள் வெட்டினாள்.
முதல் தடவையாக, சத்தம் வந்தது.
மடலின் ஓரம் கொஞ்சம் போய்விட்டது,
பழைய வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு புது வெட்டு.

குதிகாலில் இப்போது ஓட்டை.
அதன் வழியே மஞ்சள் சுவர், ஒரு தண்ணீர்க் குழாய்.
அதை மூட வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை.

மேலே,
சிரிக்காதே என்று சொல்லியும் சிரித்த ஒரு வாய்,
தும்மலுக்குக் காத்திருந்த ஒரு காது.
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
பசை காயும்வரை
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நிற்கிறாள்.